ஒரு முறம் தவிடும் மூன்று மாத லீவும்

கடையில் லீவு கேட்பது என்றாலே எனக்குப் பயம். ஒரு மணி நேர பர்மிஷனுக்கே காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்ப்பேன். தலைவலி என்று சொல்வதா, ரேஷன் கடையில் கூட்டம் என்று சொல்வதா, எதைச் சொன்னால் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் கேட்காமலே இருந்துவிட்ட நாட்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட நான் மூன்று மாத லீவு கேட்டுப் போய் நின்றேன். அதுவும் நான் பெறாத பிள்ளைக்குப் பேறுகால லீவு.

செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். கீழே சாதாரணச் சேலைகள், முதல் மாடியில் ரெடிமேடு, இரண்டாவது மாடியில் பட்டு. மூன்றிலும் நான் நின்றிருக்கிறேன். ஆடித் தள்ளுபடி என்றால் கீழே, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் என்றால் ரெடிமேடு, முகூர்த்த மாசம் என்றால் பட்டு. கடைக்காரரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மனைவி அண்ணி. சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள், "சார், மேடம்லாம் வேணாம்மா, இங்க எல்லாரும் ஒரே குடும்பம்." அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யாகவும் அவர் அதைச் சொல்லவில்லை. எங்கள் நைனா செத்தபோது மாலையோடு வந்து, எடுக்கும்வரை வெயிலில் நின்றவர் அவர். ஆனால் தீபாவளி சமயத்தில் ராத்திரி கடை அடைக்க நேரமாகிறதே என்று யாராவது முனகினால், "வீட்டு விசேஷத்துல மணி பாத்துகினா இருப்பாங்க?" என்பார். குடும்பம் என்பதில் இரண்டும் அடக்கம்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. பாண்டிச்சேரிக்கும் வேலூருக்கும் அலைந்து ஓய்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில் மனைவி ஊரிலேயே தங்கிவிட்டவர், கொத்தனார் வேலை. அவர் மனைவி, என் ஓரகத்தி, கொல்லை வேலைக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவள். அவர்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். போதும் என்று இருந்த நேரத்தில் மூன்றாவது தங்கிவிட்டது. தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. அப்போதுதான் என் மாமியார் வாயைத் திறந்தார். "மூணாவதை மூத்தவன் வூட்டுக்குக் குடுத்துடு. குடும்பத்துக்குள்ளயே இருந்துட்டுப் போவுது."

அந்த வார்த்தை என் காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சந்தோஷத்தில் என்று சொன்னால் பாதிதான் உண்மை. குறைப்பிரசவம் ஆகிவிடுமோ, பிறந்த பிறகு மனசு மாறிவிடுவார்களோ, இவ்வளவு ஆசைப்படுவதே பாவமோ என்று என்னென்னவோ. கடவுளிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. அவள் பிள்ளையை எனக்குக் கொடு என்று எப்படி வேண்டுவது?

பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் தீட்டுக் கழிந்த பிறகு நாங்கள் மூவரும் ஆட்டோவில் போனோம். மாமியார் வழியில் ரைஸ் மில்லில் இறங்கித் தவிடு வாங்கிக்கொண்டார். ஓரகத்தி வீட்டு நடையில் பாயைப் போட்டு, முறத்தில் தவிட்டைக் கோபுரமாகக் கொட்டி அவள் முன்னால் வைத்தார். அவள் மடியிலிருந்து குழந்தையை அவரே தூக்கினார், என் மடியில் போட்டார். "தவிட்டுக்கு வாங்கிட்டோம், தவிட்டுக்கு வாங்கிட்டோம், தவிட்டுக்கு வாங்கிட்டோம்" என்று மூன்று தடவை சொன்னார். சும்மா கொடுத்தால் பெற்றவள் பாசம் திரும்பி இழுக்குமாம். பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டால் அறுந்துவிடுமாம். அதற்குத்தான் தவிடு. நான் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஓரகத்தி பக்கம் திரும்பவில்லை. அந்தத் தவிட்டைப் பிறகு அவர்கள் மாட்டுக்கு வைத்தார்களாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. நான் காலையில் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். பகல் முழுக்கக் குழந்தை மாமியாரிடம். அவருக்கு ஒரு கண்ணில் புரை, இன்னொரு கண்ணும் மங்கல். பால் பவுடர் எத்தனை ஸ்பூன், தண்ணீர் எந்தக் கோடு வரை என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. டாக்டரம்மா, "யாரு பால் கலக்குறது? இப்படிக் கெட்டியாக் குடுத்தா குடல் என்னத்துக்கு ஆவும்?" என்று என்னைத்தான் திட்டினார். நான் எந்தக் குடலையும் பார்க்கவில்லை, பட்டுச் சேலைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மேல்சித்தாமூரிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த குடும்பம் ஒன்று எதிரே உட்கார்ந்திருந்தது. முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தவள் அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. வீட்டில் குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் புழக்கடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, பேயடிச்சாப்புல வர்ற?" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். திரும்பிப் போனபோது அந்தக் குடும்பம் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தது. அண்ணி கல்லாவிலிருந்தே என்னைப் பார்த்தார்.

அந்த வாரம்தான் கைக்குழந்தைக்குச் சட்டை எடுக்க ஒரு பேங்க் அம்மா வந்தார். அளவு கேட்டபோது, "நான் பெத்ததில்ல, தத்து எடுத்தேன். அதான் அளவு சரியாத் தெரியல" என்று சிரித்தார். பேச்சுவாக்கில், தத்து எடுத்ததற்கும் தனக்கு லீவு கிடைத்தது என்றும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் பன்னிரண்டு வாரம் என்றும், கடை, கம்பெனி எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் உண்டு என்றும் சொன்னார். நான் பில் போடக்கூட மறந்து நின்றேன். என் குழந்தைக்கு அப்போது இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் தாண்டிவிட்டால் போச்சு.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்து அண்ணன் நல்ல மனநிலையில் இருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். "வயித்தத் தள்ளிகினு வந்திருந்தா நானே குடுத்திருப்பேன்மா. நீ பெத்தியா?"

"தத்துதான் அண்ணா. சட்டத்துல இருக்குதாம்."

"யாரு கொழந்த?"

"என் கொழுந்தன் கொழந்தண்ணா."

"அப்ப அது உங்க குடும்பத்துக் கொழந்ததான? சொந்தக் கொழந்தையை யாராவது தத்து எடுப்பாங்களா?"

ரேஷன் கார்டில்கூடக் கொழுந்தனும் நாங்களும் இன்னும் ஒரே குடும்பம்தான். கல்லாவிலிருந்து அண்ணி, "சட்டம் கிட்டம்னு இன்னா பேச்சு, நம்ம வீட்டுக்குள்ள?" என்றார். ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாக அண்ணன் முடித்துக்கொண்டார்.

ஆடிட்டர் சொன்னதை அவர் மறுநாள் என்னிடம் சொன்னபோது தலை சுற்றியது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் அந்தச் சட்டமாம். எங்கள் கடையில் பத்துப் பேர் இல்லையாம். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். தண்ணீர் கேன் மாற்றுகிறவரையும் மூட்டை தூக்குகிறவரையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் இருபதைத் தாண்டும். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கீழ்க்கடை அண்ணன் பேரில், ரெடிமேடு அண்ணி பேரில், பட்டு அண்ணனுடைய தம்பி பேரில். படிக்கட்டு ஒன்று, கல்லா ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று. காகிதத்தில் மட்டும் மூன்று கடை, எதிலும் பத்து இல்லை. இத்தனை வருஷமாக நான் மாடி ஏறி இறங்கும்போதெல்லாம் முதலாளி மாறிக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

"அப்ப நான் யாருகிட்டண்ணா லீவு கேக்கணும்?" என்றேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் குத்தல் என்று எடுத்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு நான் டப்பாவைத் திறக்கவில்லை. மற்றவர்கள் கீழே இறங்கிய பிறகு, கோட்டை மலையைப் பார்த்த பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, விழுப்புரத்தில் தொழிலாளர் ஆபீசுக்குப் போன் போட்டேன். என் பேரைச் சொல்ல மாட்டேன், கடை பேரையும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எடுத்தவர் பொறுமையான மனுஷர்.

"சம்பளம் யாரும்மா கையில குடுக்குறாங்க?"

"அண்ணி சார்."

"எந்த மாடியில நிக்கணும்னு யாரு சொல்றாங்க?"

"அண்ணன் சார்."

"இந்த அண்ணன், அண்ணில்லாம் உங்க சொந்தக்காரங்களா?"

"இல்ல சார். முதலாளிங்க."

"இத்தினி நேரம் அதைச் சொல்லலையே நீங்க," என்று சிரித்தார். ஒரே படிக்கட்டில் ஏறி ஒரே கல்லாவில் பில் போட்டால் காகிதத்தில் யார் யார் பேர் இருந்தால் என்ன, எல்லாம் ஒரே கடை என்றுதான் பார்ப்போம் என்றார். எல்லாரும் சேர்ந்து வேலை செய்வதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பொங்கலுக்கு வைத்த பிளெக்ஸ்தான். மூன்று மாடி ஆட்களும் ஒரே நிறச் சேலை, சட்டையில் வரிசையாகக் கும்பிட்டபடி நிற்க, நடுவில் அண்ணனும் அண்ணியும். மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் குடும்பத்தின் இனிய பொங்கல் வாழ்த்துகள்.' அது இன்னும் பஸ் ஸ்டாண்டு எதிரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அந்தத் தைரியமெல்லாம் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது. அண்ணனிடமே போய், விழுப்புரத்துக்குப் போன் போட்டதையும் பிளெக்ஸையும் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். வருத்தம்தான் வந்தது. "குடும்பத்துக்குள்ள இருந்துகினு கவர்மென்ட் ஆபீசுக்குப் போன் போட்டியாம்மா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே லீவு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லியும் இருப்பேன். அதற்குள் அண்ணி பேசிவிட்டார்.

"குடுத்துடுங்க. ஆனா சட்டம் பேசினா எல்லாமே சட்டப்படி இருக்கணும். தத்துப் பத்திரம் பதிஞ்சு கொண்டாரட்டும். இல்லன்னா நாளைக்கு ஆளாளுக்கு அக்கா புள்ள, தங்கச்சி புள்ளன்னு தூக்கிகினு வந்து நிப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்குத்தான் பத்திரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி போனில் தத்துச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். என் மாதிரி ஆட்கள் போனில் எதையும் தேடிப் படிக்கக் கூடாது. தத்துக் கொடுப்பதற்காகப் பணமோ வேறு பலனோ வாங்குவதும் கொடுப்பதும் குற்றம், ஜெயில்கூட உண்டு என்று போட்டிருந்தது. வேறு பலன் என்றால்? ஒரு முறம் தவிடு பலனா, இல்லையா? நாங்கள் வாங்கிவிட்டோம் என்று மூன்று தடவை உரக்கச் சொல்லியிருக்கிறோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். ஜீப் வந்து நிற்பதும், என் மடியிலிருந்து யாரோ குழந்தையைத் தூக்குவதும் கண்ணை மூடினால் தெரிந்தது. விடிந்ததும் மாமியாரிடம் சொன்னேன்.

"தவிடு இன்னா லஞ்சமா?" என்றார் அவர். "எந்தப் போலீசுக்காரனாவது வரட்டும், அவன் மூஞ்சியில ஒரு முறம் கொட்டுறேன்."

பத்திரம் எழுதுகிறவர் அவ்வளவு பயமுறுத்தவில்லை. தவிட்டுக் கதையைக் கேட்டு, "எங்க சின்னம்மாவையே அப்படித்தான் வாங்கினாங்க. அது சாங்கியம்மா, விலை இல்ல. பத்திரத்துல வராது" என்றார். நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"அன்னிக்குக் கொழந்தையைத் தூக்கிக் குடுத்தது யாரு?"

"எங்க அத்த."

"பெத்தவங்க குடுக்கலையா?"

"பக்கத்துலதான் இருந்தாங்க."

"பக்கத்துல இருந்தா ஆச்சா? பெத்தவங்க தன் கையால குடுக்கணும், நீங்க ரெண்டு பேரும் கையால வாங்கணும். சட்டத்துக்கு முக்கியமே அதான், பத்திரம் அதுக்கு அப்புறம்தான். எதுக்கும் இன்னொரு வாட்டி ஒழுங்காக் குடுத்து வாங்கிடுங்க. ரெண்டு பேரையும் கூட்டிகினு வாங்க."

இன்னொரு வாட்டி. ஓரகத்தி ஒரு தடவை கொடுத்ததையே நான் நேராகப் பார்க்கவில்லை. இப்போது என் லீவுக்காக அவள் மறுபடி கொடுக்க வேண்டும், அதுவும் தன் கையால். ஒரு மாசமாக அவள் குழந்தையைப் பார்க்க வரவில்லை. வராததில் எனக்கு உள்ளூர நிம்மதி. வந்தால் கேட்டுவிடுவாளோ என்ற பயம். இப்போது நானே அவளைக் கூப்பிட்டு, அவள் கையிலேயே குழந்தையைத் திரும்ப வைத்து, இப்போது சொல், கொடுக்கிறாயா என்று கேட்கப் போகிறேன். லீவே வேண்டாம், இருக்கிறபடி இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குழந்தையின் விலா எலும்பைக் காட்டினார். "அம்மா கலக்குற பாலுல இது இன்னும் ரெண்டு மாசம் தாங்குமா? நீயே சொல்லு." மறுநாளே அவர் தம்பி வீட்டுக்குப் போய் நாள் சொல்லிவிட்டு வந்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "களை எடுத்துகினு இருந்தாங்க. சரின்னாங்க" என்றார். அந்தச் சரி எப்படிப்பட்ட சரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதிவு ஆபீசில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். நிலம் விற்கிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள் என்று நல்ல கூட்டம். கொழுந்தன் மட்டும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். "அவ பின்னாடி வர்றேன்னா" என்றார். அவலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது, அவள் இல்லை. இன்னொன்று வந்தது, இல்லை. குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. வர மாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வராமல் இருந்தால் நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. வராவிட்டால் குழந்தையைத் திரும்பக் கேட்பாள் என்று இன்னொரு பக்கம். பத்திரம் எழுதுகிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

உச்சி வெயிலில் வந்தாள். கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியது அப்படியே இருந்தது, காலில் சேறு காய்ந்திருந்தது. "காலையிலயே வந்தா கூலி கெடையாதுக்கா, அரை நாள் வேலை முடிச்சிட்டு வந்தேன்" என்றாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அவள் ரவிக்கையின் முன்பக்கம் எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நனைந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே அதிகாரி, நடுவயசுப் பெண், கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார். "யாரும் கட்டாயப்படுத்தலையே? முழு சம்மதம்தானே?"

கொழுந்தன் தலையாட்டினார். "நீங்க வாயால சொல்லுங்கம்மா" என்று அதிகாரி அவளைப் பார்த்தார்.

நான் குழந்தையை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது என் விரல்கள் விட மாட்டேன் என்றன. அவள் வாங்கினாள். குழந்தை உடனே அழுகையை நிறுத்தியது. அவள் குழந்தையின் நெற்றியில் வியர்வையைத் துடைத்தாள், காதோரத்தில் ஒட்டியிருந்த பால் திப்பியைக் கிள்ளி எடுத்தாள். அவசரமே இல்லாமல் செய்தாள். பிறகு, "சம்மதம்தான்" என்று சொல்லி, என் கையில் வைத்தாள். கொழுந்தனும் கூடவே கை வைத்தார், என் வீட்டுக்காரரும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது.

எனக்கு லீவு கிடைத்தது. சம்பளத்தோடு மூன்று மாதம். பத்திரத்தைப் பார்த்ததும் அண்ணன் கையெழுத்துப் போட்டார். அண்ணி ஒரு பேபி செட் எடுத்து வைத்து, "எங்க பேத்திக்கு" என்றார்.

ஆனால் அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பதிவு முடிந்து, அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றிருந்தோம். "லீவு எத்தினி மாசம்க்கா குடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

"மூணு மாசம்."

"சம்பளத்தோடயா?"

"ஆமா."

"பரவால்லையே." கிண்டலே இல்லை அந்தக் குரலில். "பெத்துட்டு நான் எங்க மூணு மாசம் படுத்தேன்? நீங்க வந்து தூக்கிகினு போன மூணாம் நாளே மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கப் போயிட்டேன். நம்ம வேலையில யாருகிட்டப் போயி லீவு கேக்குறது? இன்னிக்கு ஒருத்தர் கொல்ல, நாளைக்கு இன்னொருத்தர் கொல்ல."

மூன்று மாடிக்கு மூன்று முதலாளி என்று நான் போட்ட சண்டையெல்லாம் அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது. இவளுக்குத் தினம் ஒரு முதலாளி, ஆனால் கேட்க ஒருவருமில்லை. பெற்றவள் அவள், பெற்றதற்கு லீவு எனக்கு. பஸ் வந்தது. அவள் ஏறுவதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது, "லீவுல நான் பாப்பாவைத் தூக்கிகினு அங்கயே வந்துடட்டுமா? நீ பால் குடு." சொன்ன மறுநொடியே பயந்துவிட்டேன். "வாக்கா" என்று சொல்லி அவள் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் சொன்னதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "தவிடு குடுத்து அறுத்துகினு வந்ததை மறுபடி முடிச்சுப் போடுறியே, உனக்குப் புத்தி இருக்குதா?" இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் போனேன்.

அந்த மூன்று மாதமும் அவள் வீட்டில்தான் இருந்தேன். அவள் காலையில் கொல்லைக்குப் போவாள். நான் சமைத்து, பெரியது இரண்டையும் பள்ளிக்கு அனுப்பி, குழந்தையைப் பார்த்துக்கொள்வேன். மத்தியானம் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போவாள். ஒரு மாசமாவது வேலைக்குப் போகாமல் இரு என்று கெஞ்சிப் பார்த்தேன். "நான் நின்னா அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துடும்க்கா" என்றுவிட்டாள். குழந்தை அவள் மார்பில் முட்டிக் குடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த வாசனையை மறக்குமா, என்னிடம் வருமா, கடைசி நாளில் அவள் தர மாட்டேன் என்றால் எந்தப் பத்திரத்தைக் காட்டி என்ன பிரயோசனம் என்று பருப்பு கொதிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். குழந்தை தேறியது. கன்னம் வந்தது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

லீவு முடிந்தது. அதற்குள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. பவுடர் டப்பாவில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பார்வை வந்திருந்தது. கிளம்புகிற அன்று சாயங்காலம் அவள்தான் எங்களை பஸ் ஏற்ற வந்தாள். ரோடு வரை குழந்தையை நான்தான் தூக்கி வந்தேன். அவள் பையைத் தூக்கி வந்தாள். வழியெல்லாம் நான் காத்திருந்தேன், இப்போது கேட்பாள், இதோ இப்போது கேட்பாள் என்று. பஸ் தூரத்தில் தெரிந்தபோது பேசினாள்.

"அக்கா, நாளைக்கு வேலைக்குக் கெளம்பறப்ப பாப்பாவைத் திரும்பிப் பாக்காத. பாத்தா காலு நவுராது."

அவ்வளவுதான். பையை உள்ளே வைத்துவிட்டு, வந்த வழியே போனாள்.

மறுநாள் காலையில் தலை வாரி, டிபன் கட்டி, குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். வாசல்படி தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை.